பிள்ளைகளுக்குப் பல் கிளிப்: எந்த வயதில் காட்ட வேண்டும், எந்த வயதில் போட வேண்டும்

"பால் பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று 13, 14 வயதுவரை விட்டுவிடுவது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு, 8 வயதில் அண்ணத்தில் பொருத்தும் ஒரு சின்ன திருகுக் கருவியால் சரியாகியிருக்க வேண்டிய தாடைக் கோணல், வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சை வரை போய்விடுகிறது. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. 8 வயதில் முன்பல் கோணலாக முளைத்ததைப் பார்த்துப் பதறி அப்போதே கிளிப் போடுவார்கள். 12 வயதில் மறுபடியும் போட வேண்டி வரும். நாலைந்து வருடம் பிள்ளையும் அலையும், பெற்றோரும் அலைவார்கள்.

காட்டுகிற வயது வேறு, போடுகிற வயது வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டால் இந்த இரண்டு சிக்கலிலும் மாட்டாமல் தப்பிக்கலாம். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம், முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் முடித்துவிடச் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். முழு கிளிப் போடுவது பெரும்பாலும் 11-லிருந்து 13 வயதுக்குள்தான். இடைப்பட்ட நாலைந்து வருடத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் காத்திருக்க வேண்டும் என்பதில்தான் பெற்றோருக்குத் தெளிவு தேவை.

7 வயதில் வாய்க்குள் என்ன தெரியும்

ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் நாலு மூலையிலும் ஒவ்வொரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால், பல வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சொத்தை விழுந்தாலும் "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். 1899-ல் எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கடி வகைகளை, அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சேரும் விதங்களைப் பிரித்தபோது, இந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்தார். மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லோடு எங்கே பொருந்துகிறது என்று பார்த்தே தாடை முன்னே போகிறதா, பின்தங்குகிறதா என்று இன்றும் கணிக்கிறார்கள்.

அதே சமயத்தில் கீழ் முன்பற்கள் வந்திருக்கும், மேல் முன்பற்கள் வந்துகொண்டிருக்கும். முன்னும் பின்னும் நிலைப்பற்கள் நின்றுவிட்டால், நடுவில் பால் பற்கள் இருந்தாலும் கடியின் அமைப்பு தெரிந்துவிடும். மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் ஓபிஜி என்கிற முழுவாய் எக்ஸ்ரே ஒன்று எடுப்பார். இன்னும் முளைக்காத பற்கள் எலும்புக்குள் எங்கே இருக்கின்றன, ஏதாவது குறைகிறதா, கூடுதலாக ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்பது அதில் தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் இந்த வயதிலேயே எக்ஸ்ரே வேண்டியதில்லை. காரணம் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

முதல் பரிசோதனை முடிந்து வரும்போது பெரும்பாலான பெற்றோருக்குக் கிடைக்கும் பதில், "இப்போ ஒண்ணும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்பதுதான். அதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம், அது நல்ல பதில்.

சில பிள்ளைகளை 7 வயதுக்கு முன்பே காட்ட வேண்டும். 4 வயது தாண்டியும் விரல் சூப்புவது, பால் பல் காலத்திலேயே கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் கடிப்பது, அடிபட்டோ சொத்தையாலோ பின்பக்கப் பால் பல் சீக்கிரம் போய்விடுவது ஆகியவை அதில் அடங்கும். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்கோ பிறந்த நாளிலிருந்தே தனி மருத்துவக் குழுவின் கவனிப்பு வேண்டும்.

வீட்டில் பத்து நிமிடப் பரிசோதனை

பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஒரு சுத்தமான ஸ்பூன், ஒரு டார்ச், கூடவே ஒரு பென்சில் போதும்.

முதலில் கடிக்கச் சொல்வதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பல்லைக் காட்டு" என்றால் பிள்ளைகள் தாடையை முன்னே தள்ளி முன்பற்களை முனையோடு முனை வைத்துக் காட்டுவார்கள். அது உண்மையான கடி இல்லை. நாக்கு நுனியை மேலே மடக்கி அண்ணத்தில் முடிந்தவரை பின்னால் தொடச் சொல்லி, அப்படியே மெதுவாகப் பின்பற்களைக் கடிக்கச் சொல்லுங்கள்.

வாய் மூடும்போது முகவாய்க்கட்டையைக் கவனியுங்கள். நேராக மேலே வருகிறதா, அல்லது கடைசி நொடியில் ஒரு பக்கமாக நழுவுகிறதா? நழுவினால் அது முக்கியமான அடையாளம். மேல்தாடை ஒடுங்கியிருப்பதால், பற்கள் எங்கோ இடித்து, கீழ்தாடை வசதியான பக்கம் ஒதுங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து, கடித்தபடியே இருக்க, ஸ்பூனின் காம்பால் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். பெட்டியின் மூடி பெட்டியை வெளியிலிருந்து மூடுவதுபோல, மேல் பற்கள் எல்லாப் பக்கமும் கீழ்ப் பற்களுக்கு வெளியே இருக்க வேண்டும். எங்காவது மேல்பல் உள்ளே போயிருந்தால் அது குறுக்குக் கடி.

பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்கு 2, 3 மி.மீ. முன்னால் இருப்பது இயல்பு. சாதாரணப் பென்சில் ஒன்றின் பருமன் சுமார் 7 மி.மீ. பின்பற்களைக் கடித்த நிலையில், மேல் முன்பல்லின் உள்பக்கத்துக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முன்னால் இருந்து பார்க்கும்போது மேல்பல் கீழ்ப்பல்லை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைக்க வேண்டும். முழுதும் மறைத்துக் கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தினாலும் காட்ட வேண்டும், முன்னால் மூடாமல் நாக்கு தெரிந்தாலும் காட்ட வேண்டும்.

பிறகு எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒரு பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் அதன் ஜோடி வரவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். மேல் நடு முன்பற்களில் ஒன்று மட்டும் வராமலிருந்தால், அங்கே ஒரு கூடுதல் பல் அடைத்துக்கொண்டிருக்கலாம்.

9, 10 வயதில் ஒரு கூடுதல் சோதனை. மேல் கோரைப்பல் இருக்கும் இடத்தில், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, உயரமாக விரல் வைத்துத் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். வரப்போகும் நிலையான கோரைப்பல் அது. 10 வயது முடிந்தும் ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் தட்டுப்படவில்லை என்றால், அந்தப் பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். அப்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டாலே பல சமயம் நிலைப்பல் வழிக்கு வந்துவிடும். விட்டுவிட்டால் அது பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடக்கூடும். 14 வயதில் ஈறைக் கீறி, சங்கிலி மாட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டியும் வரலாம். ஒரு விரல் சோதனை இத்தனையையும் தவிர்க்கிறது என்பதால், இதை மறக்காமல் செய்யுங்கள்.

பயப்பட வேண்டாதவை

7, 8 வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் சந்தோடு வரும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். மேலே எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் வரும் தோற்றம் அது. 2 மி.மீ. வரையிலான சந்து, 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிவிடும். இந்த வயதில் கம்பி போட்டு அந்தச் சந்தை மூடினால், முளைக்காத கோரைப்பல்லின் மேல் பக்கத்துப் பல்லின் வேரைத் தள்ளி அந்த வேரையே கெடுத்துக்கொள்ள நேரிடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தை மூட இரண்டு முன்பற்களையும் சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டும் வீடியோக்கள் உலவுகின்றன. பல் கீழே அகலமாகவும் மேலே வேர்ப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். அதனால் ரப்பர் மெல்ல மேலே நழுவி ஈறுக்குள் மறைந்துவிடும். எலும்பை அரித்துக்கொண்டே போய், நல்ல பற்கள் இரண்டும் ஆடி விழுந்துவிடும். உங்கள் வீட்டில் யாரும் இதைச் செய்ய விடாதீர்கள்.

கீழ் முன்பற்கள் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையாக முளைப்பதும் சகஜம். பால் பல் ஆடுகிறது என்றால் ஆடட்டும், விழுந்த பிறகு நாக்கே புதுப் பல்லை முன்னே தள்ளிவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் பால் பல் அசையவே இல்லை என்றால் எடுத்துவிடலாம்.

காத்திருக்கக் கூடாதவை

பின்பக்கக் குறுக்குக் கடியோடு தாடை ஒரு பக்கம் நழுவுவதுதான் பட்டியலில் முதல். வளரும் வயதில் கீழ்தாடை தினமும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கடித்தால், முகமே அந்தப் பக்கம் கோணலாக வளரும். மேல்தாடை இரண்டு எலும்புகள். அண்ணத்தின் நடுக்கோட்டில் ஒரு தையலாக இணைந்திருக்கின்றன. சிறு வயதில் இந்தத் தையல் இளகி இருக்கும், வயது ஏற ஏற இறுகிவிடும். அதனால் 7-லிருந்து 10 வயதுக்குள் அண்ணத்தில் ஒரு விரிப்பான் பொருத்தி, நடுவில் இருக்கும் திருகைச் சாவியால் திருப்பித் தாடையையே அகலப்படுத்துகிறார்கள்.

திருகுவது வீட்டில் உங்கள் வேலை. பிள்ளையை மடியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், மேலிருந்து நல்ல வெளிச்சம் வேண்டும். சாவியின் முனையில் நூல் கட்டி அதை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினாலும் தொண்டைக்குள் போகாது. முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்து, தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். அடுத்த துளை முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு திருப்பு முடிந்ததாகக் கணக்கு. பாதியில் நிறுத்தினால் மறுநாள் சாவி நுழைய இடமிருக்காது. சாவியை வெளியே எடுக்கும்போது முன்பக்கம் இழுத்தால் திருகு திரும்பி வந்துவிடும். பின்பக்கமாகச் சரித்து, கீழே இறக்கி எடுக்க வேண்டும். பெரும்பாலான திருகுகளில் ஒரு திருப்புக்கு சுமார் கால் மி.மீ. விரியும். தினம் ஒன்றா இரண்டா என்று மருத்துவர் சொல்வார். காலண்டரில் ஒவ்வொரு திருப்பையும் குறித்து வையுங்கள்.

சில நிமிடம் மூக்குத்தண்டில் அழுத்தம் தெரியும். ஒரு வாரம், பத்து நாளில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், தையல் திறக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தச் சந்து பிறகு தானே மூடும். வேண்டிய அகலம் கிடைத்ததும் திருகு நிற்கும், ஆனால் கருவி இன்னும் நாலைந்து மாதமாவது வாயிலேயே இருக்க வேண்டும். திறந்த தையலில் புது எலும்பு நிரம்புவதற்கான காலம் அது. "விரிஞ்சிடுச்சே, கழட்டிடுங்க" என்று அவசரப்பட்டால் பழையபடி ஒடுங்கிவிடும். கருவிக்கு மேலே சோற்றுப் பருக்கை சிக்கும்; சாப்பிட்டதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போகும்.

ஒரே ஒரு மேல் முன்பல் மட்டும் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டியிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் வெளியே தள்ளப்பட்டு அதன் ஈறு இறங்கும், பல் தேயும். ஸ்பிரிங் வைத்த கழற்றி மாட்டும் பிளேட் ஒன்றே பெரும்பாலும் சில மாதங்களில் இதைச் சரிசெய்துவிடும்.

கீழ்தாடை முன்னே வருவது, அல்லது மேல்தாடை பின்தங்குவது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றிக்கொண்டு, ரப்பரால் மேல்தாடையை முன்னே இழுக்கும் முகக் கவசக் கருவி 7-லிருந்து 10 வயதுக்குள் நன்றாக வேலை செய்யும். நாளுக்கு 12-லிருந்து 14 மணி நேரம் போட வேண்டும். பள்ளியிலிருந்து வந்ததும் மாட்டி, காலையில் கழற்றினால் கணக்கு சரியாக வரும். ஆனாலும் வளர்ச்சி முடியும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பரம்பரை பலமாக இருந்தால் பிறகும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதலிலேயே இதைச் சொல்லிவிடும் மருத்துவரை நம்பலாம்.

சீக்கிரம் போன பின்பக்கப் பால் பல்லை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பால் பல் தன் இடத்தில் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. அது 6, 7 வயதிலேயே போனால், பின்னாலிருந்து பெரிய கடைவாய்ப் பல் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். முதல் ஆறு மாதத்தில்தான் பெருமளவு இடம் போகிறது. பல்லைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஒரு கம்பி வளைவு, அவ்வளவுதான் இடம் காக்கும் கருவி. பல் எடுக்கும் அன்றே இதைக் கேளுங்கள். இன்னும் நல்லது, சொத்தையை அடைத்தோ மூடி போட்டோ பால் பல்லையே காப்பாற்றுவது. இதைவிட மலிவான சீரமைப்பு சிகிச்சை கிடையாது.

விரல் சூப்புவதை நிலையான முன்பற்கள் வருவதற்குள், அதாவது 6 வயதுக்குள் நிறுத்திவிட்டால், பல் பெரும்பாலும் தானே உள்ளே வரும். வேப்பெண்ணெய் தடவுவதும், நாலு பேர் முன்னால் திட்டுவதும் பிள்ளையை இன்னும் விரலை நோக்கித்தான் தள்ளும். எந்த நேரத்தில் சூப்புகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். டிவி பார்க்கும்போது என்றால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். தூக்கத்தில் என்றால், பிள்ளையின் சம்மதத்தோடு இரவில் கைக்கு ஒரு பருத்தி சாக்ஸ் மாட்டுங்கள். தானே விட நினைத்தும் முடியாத பிள்ளைக்குத்தான் அண்ணத்தில் கம்பித் தடுப்பு.

வாயைத் திறந்து தூங்குவது, குறட்டை, எப்போதும் பிரிந்திருக்கும் உதடுகள் இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து அடைத்திருந்தால், அதைக் கவனிக்காமல் பல்லை மட்டும் நேராக்கிப் பயனில்லை.

எத்துப்பல்லுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கீழ்தாடை பின்தங்கியதால் வரும் எத்துப்பல்லுக்கு 8 வயதில் சிகிச்சை செய்வதாலும், 12 வயதில் ஒரே தடவையாகச் செய்வதாலும், முடிவில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. சீக்கிரம் செய்வதில் உறுதியான லாபம் ஒன்று உண்டு: விழுந்து முன்பல் உடையும் ஆபத்து குறைகிறது. ஆகவே எத்துப்பல் மிகத் தூக்கலாக இருந்து, பிள்ளை ஓடியாடி அடிக்கடி விழும் ரகமாக இருந்தாலோ, பள்ளியில் கேலி தாங்காமல் வாயை மூடிக்கொண்டு சிரித்தாலோ, முன்கூட்டியே செய்யலாம். மற்றவர்கள் வளர்ச்சி வேகம் பிடிக்கும்வரை பொறுக்கலாம்.

வளர்ச்சி வேகம் எப்போது என்பதைச் சுவர் சொல்லும்

கீழ்தாடையை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கருவிகள், உடல் மளமளவென்று உயரும் காலத்தில்தான் நன்றாகப் பலன் தரும். பெண் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய 10-லிருந்து 12 வயது, ஆண் பிள்ளைகளுக்கு 12-லிருந்து 14. பிறந்தநாளை நம்பாமல், 9 வயதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறித்து வையுங்கள். கோடுகள் திடீரென்று தள்ளித் தள்ளி விழ ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு உயரத்தின் உச்ச வேகம் பொதுவாக வயதுக்கு வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே வந்து போய்விடுகிறது. "பெரியவளாகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளுவது இந்த விஷயத்தில் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

முழு கிளிப்புக்கு, பால் பற்கள் எல்லாம் விழுந்து, 12 வயது வாக்கில் இரண்டாவது கடைவாய்ப் பற்கள் வரும் காலம் தோதானது. வழக்கமாக 18-லிருந்து 24 மாதம் பிடிக்கும். ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்புத் தொடக்கத்திலோ ஆரம்பித்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் கழற்றிவிடலாம். மாதாந்திர வருகையைத் தேர்வு நேரத்தில் தவறவிட்டுத்தான் பலரின் சிகிச்சை இழுக்கிறது.

யாரிடம் போவது, என்ன கேட்பது

பிடிஎஸ் முடித்த பிறகு மூன்று வருடம் ஆர்த்தோடான்டிக்ஸில் எம்டிஎஸ் படித்தவர்தான் பல் சீரமைப்பு நிபுணர். பலகையில் எம்டிஎஸ் என்று இருந்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஈறு, குழந்தைகள் பல், அறுவை சிகிச்சை என்று பல பிரிவுகள் உண்டு. செலவு தாங்காது என்பவர்கள் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியையோ, அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடலாம். முதுகலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். காத்திருப்பு அதிகம், கவனம் குறைவில்லை.

சீக்கிரமே கருவி போடச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி போதும்: "12 வயது வரைக்கும் விட்டா என்ன கெடும், டாக்டர்?" எலும்பு இறுகிவிடும், ஈறு இறங்கும், வேர் அரிக்கும், பல் உடையும் என்று குறிப்பாக ஏதாவது பதில் வந்தால் செய்யுங்கள். "சீக்கிரம் செஞ்சா நல்லதுங்க" என்று மட்டும் வந்தால் இன்னொரு நிபுணரிடமும் காட்டுங்கள். கட்டணத்தில் எக்ஸ்ரே, பல்லில் ஒட்டும் பிராக்கெட் உடைந்தால் மாற்றுவது, பல் திரும்ப நகராமலிருக்கக் கடைசியில் தரும் ரீடெய்னர் எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இட நெருக்கடிக்காக நிலைப்பல் எடுக்கச் சொன்னால் "மேல்பல் எடுத்தா கண்ணு போயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு. பல் எடுத்து யாருக்கும் பார்வை போவதில்லை. எதற்காக எடுக்கிறார்கள், எத்தனை மி.மீ. இடம் குறைகிறது என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி.

கிளிப் போடும் நாளும் அடுத்த வாரமும்

அதற்கு முன்பே சொத்தைகளை அடைத்து, பல் சுத்தம் செய்து முடித்திருக்க வேண்டும். ஐந்தாறு நாள் முன்னதாகக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே சிறு ரப்பர் வளையங்கள் வைப்பார்கள். உலோகப் பட்டை நுழைய இடம் உண்டாக்கத்தான். பல்லில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும், குத்தி எடுத்துவிடக் கூடாது.

அன்றைக்குப் பல்லின் மேல் ஒரு அமிலக் கூழைச் சில விநாடி தடவிக் கழுவுவார்கள். புளிப்புத் தெரியும். உலர்த்தியதும் பல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுக்கும். அதன் மேல் பசை, பிராக்கெட், நீல விளக்கு. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கம்பி மாட்டிய நாலைந்து மணி நேரத்தில் பல் கூச ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் கடிக்க முடியாமல் இருக்கும். குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, பொங்கல், இடியாப்பம் தேங்காய்ப் பால், கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். கன்னம் உரசினால், கிளிப்புக்கான மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி, பிராக்கெட்டைத் துடைத்து உலர்த்திவிட்டு ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டாது. புல்லாங்குழலோ நாதஸ்வரமோ பழகும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் இந்த மெழுகு பெரிய உதவி.

முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு கடிப்பது, எலும்பு கடிப்பது, பேனா மூடி மெல்லுவது ஆகியவைதான் பிராக்கெட் கழன்று விழ வழக்கமான காரணங்கள். ஆப்பிள், கொய்யா, மாங்காய் எல்லாம் சாப்பிடலாம், மெல்லிய துண்டாக நறுக்கிப் பின்பல்லால் மென்றால் போதும். பிராக்கெட்டைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையத்தை வெள்ளையிலோ நிறமற்றதாகவோ கேட்காதீர்கள். இரண்டு நாள் சாம்பாரில் மஞ்சள் ஏறிவிடும். சாம்பல், நீலம் போன்ற நிறங்கள் கறையைக் காட்டாது.

துலக்குவதில் எல்லோரும் தவறவிடும் இடம், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள அந்தக் குறுகிய பட்டை. பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து, முதலில் பிராக்கெட்டுக்கு மேல்புறம், பிறகு கீழ்ப்புறம், கடைசியில் நேராக முகப்பு என்று ஒவ்வொரு பல்லையும் மூன்று தடவை தொட வேண்டும். கம்பிக்கு அடியில் இடைப்பல் பிரஷ்ஷை நுழைத்து எடுக்க வேண்டும். பற்பசைக் குழாயில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு தங்கினால் ஒரே மாதத்தில் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழலாம். கிளிப் கழற்றிய பிறகு, நேரான பல்லில் சதுரச் சதுரமாகத் தெரியும் அந்தத் தழும்பு முழுதாகப் போகாது. இரவில் துலக்கிய பல்லை வாரம் ஒரு நாள் டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

மேலுக்கும் கீழுக்கும் மாட்டும் ரப்பரைக் கொடுத்தால், சாப்பிடும் நேரம் தவிர முழு நாளும் போட வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும். இரவு மட்டும் போட்டால் பல் பகலில் திரும்பிவிடும். ஆறு மாதத்தில் முடிய வேண்டிய கட்டம் ஒரு வருடமாவது பெரும்பாலும் இங்கேதான்.

பிராக்கெட் கழன்றால் அதைப் பத்திரப்படுத்தி, மறுநாளே போன் செய்யுங்கள். அடுத்த மாத வருகைவரை விட்டால் அந்தப் பல் மட்டும் பின்தங்கும். கம்பி குத்தினால் மெழுகு வையுங்கள். பிராக்கெட்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றிய பிறகு

பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். புது இடத்தில் அதைச் சுற்றியுள்ள நார்கள் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். ரீடெய்னரை முதல் சில மாதங்கள் மருத்துவர் சொன்னபடி நாள் முழுதும், பிறகு இரவுகளில் போட வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரை இரவில் போடுவதுதான் பாதுகாப்பு. இரண்டு நாள் விட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகர்ந்திருக்கிறது. சில நாள் முழு நேரமும் போடுங்கள். உட்காரவே இல்லை என்றால் அழுத்தி மாட்டாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும், குளிர்ந்த தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்து, அப்படியே குப்பைத்தொட்டிக்குப் போன ரீடெய்னர்கள் எத்தனையோ. பளிச்சென்ற நிறத்தில் ஒரு கெட்டி டப்பா வாங்கி, பெயரும் போன் நம்பரும் எழுதி, டிபன் பையின் உள்ளேயே கட்டிவிடுங்கள்.